கறுப்பு மணலில் நான் ஓடிய ஓட்டம்

எரிமலை பார்க்க வேண்டும் என்று நான் பாலித் தீவுக்குப் போகவில்லை. மகளின் சம்மந்தத்தை முடிக்கப் போனேன். எரிமலை வழியில் இருந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். செட்டிபாளையத்தில் சீமெந்துக் கல் அரியும் கூலியாக இருந்து, மேசன் வேலை பழகி, பிறகு வீடு கட்டும் கொந்தராத்து எடுத்து, சுனாமிக் கடல் அடித்த பின் எங்கள் கரையில் எழும்பிய வீடுகளில் எத்தனையோ வீடுகளுக்கு அத்திவாரம் வெட்டியவன். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? நான் ஊற்றிய கொங்கிரீட்டில் ஒரு வெடிப்பைக் காட்டினால் மீசையை எடுக்கிறேன் என்று சந்தியில் நின்று சொல்வேன். மீசை இன்னும் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் பிறந்த அன்றே தகப்பன் வீடு கட்ட ஒரு வளவு தேடத் தொடங்கிவிடுவான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தாய் வீட்டை விட்டுப் பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். அதனால் மாப்பிள்ளையின் தாய்க்குப் பெண்ணைப் பிடித்தால் மட்டும் போதாது, வீடும் பிடிக்க வேண்டும். அவள் பெற்ற பிள்ளை இனிப் படுத்து எழும்பப்போவது அங்கேதான்.

என் மகளுக்கு நான் கட்டிய வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. கரைக்குக் கிட்டக் கட்டக்கூடாது என்று போட்டிருந்த சட்டத்தைத் தளர்த்தியதும் எங்கள் ஊரில் முதல் அத்திவாரம் வெட்டியவன் நான். மற்றவர்கள் வளவை விட்டுவிட்டு வாவிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்த காலம் அது. நான் இரண்டு தட்டு எழுப்பினேன். கீழே தூண்கள், மேலே மாடி, மாடியில் நின்றால் கடல். பார்க்க வந்தவர்களிடம், கடல் வந்தால் இந்தத் தூணில் தலையை முட்டிக்கொண்டு அதுதான் திரும்பிப் போகும் என்று சொல்வேன்.

மாப்பிள்ளைக்குத் தேற்றாத்தீவு ஊர். தகப்பன் ஓய்வுபெற்ற அதிபர். தாய்வழிக் குடியும் பொருந்தியது, பிள்ளைகளுக்கும் விருப்பம். அதிபரும் ஓம் என்றுவிட்டார். அவருடைய மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் இருந்தார்கள். இளையவனைக் கடல் கொண்டுபோனது. முதல் தண்ணீர் வந்து முழங்காலளவு நனைத்துவிட்டுத் திரும்பியது. அதன் பின்னால் கடல் உள்ளே போய்த் தரை தெரிந்தபோது, துடித்த மீன்களைப் பார்க்கப் பெடியன்கள் இறங்கினார்கள். அவனும் இறங்கினான். அடுத்து வந்தது மலைபோல வந்தது.

அந்தத் தாய் என் வீட்டைப் பார்க்க ஒருநாள் வந்தா. வளவுக்குள் நின்றா. வீட்டின் பின்பக்கம் அலைச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாடியைக் காட்டுகிறேன், வாங்க தங்கச்சி என்றேன். கால் நோகுது அண்ணன், இன்னொரு நாளைக்குப் பார்க்கிறன் என்றா. அந்த இன்னொரு நாள் வரவில்லை. ஓம் என்ற சொல்லும் வரவில்லை.

அப்போதுதான் மட்டக்களப்பு ரவுனில் ஒருவர் பாலித் தீவுக்கு ஆள் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். கோவில் தரிசனமும் எரிமலையும் சேர்த்து ஒரு பயணம். வடக்கில் சண்டை ஓய்ந்து அடுத்த வருடம். சோதனைச்சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்று, சனம் தூரப் பயணம் போகலாம் என்று நம்பத் தொடங்கியிருந்தது. அதிபர் புவியியல் படிப்பித்தவர். வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையில் எரிமலை கீறியவர், ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு பெயர் கொடுத்துவிட்டார் என்று தெரிந்ததும் நானும் என் மனுசியும் பெயர் கொடுத்தோம். ஒரே பஸ்ஸில் ஒரு கிழமை இருந்தால், என் வாயால் எந்த மனதையும் கரைத்துவிடலாம் என்பது என் கணக்கு.

போய் இறங்கிய அன்றே ஒரு கூத்து நடந்தது. ஹோட்டல் வாசலில் காவற்காரன் பஸ்ஸை மறித்து, கண்ணாடி கட்டிய தடியை அடியில் விட்டுப் பார்த்தான். ஊர்ப் பழக்கத்தில், பஸ்ஸுக்குள் இருந்த எங்கள் எல்லாருடைய கையும் அடையாள அட்டைக்குப் போனது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம். செங்கலடியில் கடை வைத்திருப்பவர் ஒருவர் எங்களோடு வந்திருந்தார், பகிடிக்காரர். "இறங்கி வரிசையில நிக்கணுமோ எண்டு கேளுங்க சேர்" என்று அதிபரிடம் சொன்னார்.

வழிகாட்டி அந்தத் தீவுக்காரர். மஞ்சள் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார், நாங்கள் குடையைப் பார்த்துப் பின்னால் நடப்போம். அவர் இங்கிலீசில் சொல்வதை அதிபர் தமிழில் சொல்வார். நான் அதற்கு மேல் என் தமிழில் சொல்வேன்.

முதலில் நெருப்புக் குழம்பு ஓடி இறுகிய ஒரு வெளிக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கரிய கல். உழுது போட்ட வயல் வட்டையில் கட்டிகள் கல்லாகிவிட்டதுபோல் கிடந்தது. இடையிடையே பச்சையாக ஏதோ முளைத்திருந்தது. அதிபர் குந்தியிருந்து ஒவ்வொரு கல்லையும் தடவினார். இது வாயு வெளியேறின துளை, இது சடுதியாக ஆறினதால வந்த கண்ணாடித்தன்மை என்று மெதுவாகச் சொன்னார். அவருடைய மனைவி பக்கத்தில் குந்திக் கேட்டுக்கொண்டிருந்தா. நான் ஒரு கல்லைத் தூக்கி இன்னொன்றில் தட்டிப் பார்த்து, இது பாரம் தாங்காது, எங்கட வாழைச்சேனைப் பக்கத்துக் கருங்கல்லுக்குக் கிட்ட நிற்காது என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அங்கிருந்து என் வீட்டுத் தூணுக்குப் போனேன். தூணுக்குள் எத்தனை கம்பி, அத்திவாரத்துக்குப் போட்ட கல் எங்கிருந்து வந்தது, எல்லாம் சொன்னேன். பயம் என்பது படித்தவர்களுக்கு வரும் வருத்தம், எனக்குப் படிப்பும் இல்லை, பயமும் இல்லை என்றேன். அன்றைக்கு நான் ஒரு வீட்டுக் கூரையில் வேலையாக நின்று கடல் வந்ததை முழுக்கப் பார்த்தேன், கை நடுங்கவில்லை, இறங்கி எத்தனையோ பேரை இழுத்து எடுத்தேன் என்றும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் கூரையில் நின்றவனுக்குக் கை ஏன் நடுங்கப்போகிறது?

அதிபரின் மனைவி கேட்டுக்கொண்டிருந்தா. மனம் கரைகிறது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் கடற்கரை. போகும் வழியில் வழிகாட்டி பஸ்ஸில் நின்று நெடுநேரம் பேசினார், அதிபர் திருப்பிச் சொன்னார். நான் பின் சீற்றில் கடைக்காரருக்கு மாடிப்படி எப்படி வைப்பது என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். என் மனுசி திரும்பி, கொஞ்சம் கேளுங்களன் என்றா. எனக்குத் தெரியாத கல்லா என்றேன்.

அந்தக் கரையின் மணல் கறுப்பு. எரிமலைக் கல் அரைபட்டு வந்த மணலாம். வெறுங்காலோடு நிற்க முடியாத சூடு. மேலே குன்று, குன்றிலிருந்து கரைக்குக் கல்லில் வெட்டிய படிகள். சாப்பிட்டோம். அதிபர் சிலரோடு கரையின் தொங்கல் முனையில் ஏதோ பாறையைப் பார்க்கப் போனார். என் மனுசியும் அவருடைய மனைவியும் சற்றுத் தள்ளி ஒரு நிழலில் இருந்தார்கள். நான் தாழை மரமொன்றின் கீழ் இளநீரைக் குடித்துவிட்டுச் சாய்ந்தேன். கண் அயர்ந்துவிட்டது.

விழித்தபோது கடல் இல்லை.

எங்கள் கடல் வற்றாது. இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அலை கொஞ்சம் முன்னே வரும், கொஞ்சம் பின்னே போகும், அவ்வளவுதான். முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வாவி வற்றும், அது வேறு. கடல் உள்ளே போய்த் தரை தெரிவதை எங்கள் ஊர்ச் சனம் ஆயுளில் ஒரே ஒரு தரம்தான் பார்த்தது. நான் கூரையிலிருந்து பார்த்தேன்.

இங்கே நான் நிலத்தில் இருந்தேன். சாப்பிடும்போது அலை அடித்துக்கொண்டிருந்த இடத்தில் கரிய பாறைப் படிகள் நீட்டிக்கொண்டு கிடந்தன. பாறைக் குழிகளில் தண்ணீர் மினுங்கியது. ஒரு குழியில் மீன் துள்ளியது. அந்த ஊர்ச் சிறுவர்கள் கூடைகளோடு குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கடல் உள்ளுக்குப் போகுது, ஓடுங்க" என்று நான் கத்தினேன்.

கத்தியது தெரியும். எழும்பியது தெரியாது. செருப்பு இல்லாமல் அந்தச் சூட்டு மணலில் ஓடினேன். படியில் எனக்கு முன்னால் எங்கள் குழுவில் வந்த ஒரு பென்சன் எடுத்த ரீச்சர் கைத்தடியோடு ஏறிக்கொண்டிருந்தா. அவவைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு ஏறினேன். அவ படியிலேயே விழுந்து குந்திவிட்டா. பின்னால் செங்கலடிக் கடைக்காரர் வந்தார், இன்னும் பலர் வந்தார்கள். இந்தக் கடல் தினமும் வற்றிப் பெருகும் என்று எல்லாருக்கும் பஸ்ஸில் சொல்லப்பட்டிருந்தது, எல்லாரும் கேட்டிருந்தார்கள். ஆனாலும் என் குரலைக் கேட்டதும் அவர்களுடைய கால்கள் தாமாக எழும்பிவிட்டன. என் மனுசி எங்கே என்று நான் பார்க்கவில்லை. குன்றின் மேல் ஏறி, ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் திரும்பிப் பார்த்தேன்.

கடல் தூரத்தில் அமைதியாகக் கிடந்தது. சிறுவர்கள் கூடையோடு நிமிர்ந்து நின்று எங்களைப் பார்த்தார்கள். வழிகாட்டி மஞ்சள் குடையை ஆட்டி ஆட்டி, இல்லை இல்லை என்று கத்திக்கொண்டு வந்தார். பாதி வழியில் குடையை எறிந்துவிட்டுக் கடல் பக்கம் ஓடத் தொடங்கினார்.

அவ போய்க்கொண்டிருந்தா. அதிபரின் மனைவி. சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கரிய படிகளில், கடல் போன திசைக்கு நடந்துகொண்டிருந்தா. நாங்கள் எல்லாரும் மேலே ஓட, அவ ஒருத்தி கீழே இறங்கினா.

என் மனுசி படியில் வந்துகொண்டிருந்தா, அவசரமில்லாமல். ஒரு கையில் என் செருப்பு. இடையில் நின்று பென்சன் ரீச்சரைத் தூக்கி நிறுத்திவிட்டு வந்தா. செருப்பை என் காலடியில் போட்டா.

"போடுங்க. கால் வெந்திரிக்கும்."

நான் கீழே கையைக் காட்டினேன்.

"நான் பிடிச்சுப் பாத்தன், உதறிப்போட்டுப் போறா" என்றா. "மகன், மீன் வேணாம், வாங்க, வாங்க மகன் எண்டு கூப்பிட்டுக்கொண்டு போறா. அதிபரைக் கூப்பிட்டு வாங்க எண்டு சொல்லத்தான் உங்களத் தேடினன். நீங்க இஞ்ச நிக்கிறீங்க."

வழிகாட்டி தண்ணீர் விளிம்பில் அவவைப் பிடித்துவிட்டார். அவ கையை இழுத்தா. பிறகு அதிபர் ஓடிப்போனார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. மூவரும் பாறையில் நெடுநேரம் நின்றார்கள். சிறுவர்களில் ஒருத்தன் அவவுக்கு முன்னால் வந்து தன் கூடையை நீட்டிக் காட்டினான். அதற்குள் என்ன இருந்ததோ தெரியாது. அவ அதை எட்டிப் பார்த்தா.

அன்று பின்னேரம் பஸ் கொஞ்ச நேரம் செத்த வீடுபோல் போனது. ஓடியவர்களுக்கு ஓடாதவர்களைப் பார்க்க வெட்கம். பிறகு கடைக்காரர்தான் தன் வெட்கத்தை என் மேல் இறக்கினார். "கொந்தராத்துக்காரர், வீட்டுக்கு மாடி போட்டீங்க, தூண் போட்டீங்க. ஓடுறதுக்கு ஒரு றோட்டும் சேத்துப் போட்டுக் குடுங்க." சிலர் சிரித்தார்கள். அதிபர் திரும்பிப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு நாளென்றால் அந்தக் கடைக்காரரை நான் வாயாலேயே தோலுரித்திருப்பேன். பென்சன் ரீச்சரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். எனக்கொண்டும் இல்ல தம்பி, தடிதான் முறிஞ்சிட்டு என்றா. அந்தத் தம்பி என்ற சொல் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

கடைசி நாள் எரிமலை வாய்க்குப் போனோம். பஸ் போகும் தூரம் போய், பிறகு கொஞ்சம் நடந்தால் விளிம்பு. அதிபர் கீறிக் கீறிப் படிப்பித்தது அங்கேதான் இருந்தது. பெரிய வட்டக் கிண்ணம், அதற்குள் இன்னொரு கூம்பு, ஓரிடத்தில் மெல்லிய புகை. வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். திருப்பிச் சொல்ல ஆளில்லை. அதிபர் விளிம்பில் நின்றார், ஆனால் முதுகை எரிமலைக்குக் காட்டிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி இறங்கவில்லை. அந்த மனிதன் ஆயுள் முழுக்க ஆசைப்பட்டதை நான் ஒரு சத்தத்தில் பாழாக்கிவிட்டேன் என்று அப்போது விளங்கியது. நாங்கள் எல்லாரும் அந்த மலை எப்படி வெடித்தது என்று தெரியாமலே வந்தோம்.

நான் பஸ்ஸுக்குத் திரும்பினேன். என் மனுசியும் கூட வந்தா. நான் கேட்கவில்லை, அவவாக வந்தா.

அதிபரின் மனைவி முன் சீற்றில் மடியில் கைகளை வைத்துக்கொண்டு இருந்தா. நான் பக்கத்தில் நின்றேன். மேடையில் பேசச் சொன்னால் பேசுவேன், கட்டடம் பார்க்க வரும் ஓவசியரோடு வாதாடச் சொன்னால் வாதாடுவேன். அங்கே தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றேன்.

"தங்கச்சி, நான் பஸ்ஸில சொன்னதக் கேக்கல்ல. கேட்டிருந்தா கத்தியிருக்க மாட்டன்."

"கேட்டவங்களும் ஓடினவங்கதானே அண்ணன்" என்றா. கொஞ்சம் பொறுத்து, "அண்டைக்கு அப்படி ஒராள் கரையில நிண்டு கத்தியிருந்தா" என்று தொடங்கி, அதை முடிக்காமல் விட்டா.

நான் சீற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வீட்டப் பத்திச் சொல்லணும்" என்றா. "மகன் அங்க இரிக்கட்டும். புள்ள நல்ல புள்ள, அவனுக்கு விருப்பம், நான் குறுக்க நிக்கல்ல. உங்கட தூண் நிக்கும், எனக்குத் தெரியும். கடல் வரும் எண்டு எனக்குப் பயமில்ல அண்ணன். கடல் உள்ளுக்குப் போனா நான் இறங்கிருவன். அதுதான் எனக்குப் பயம். கரையில நீங்களும் பாத்தீங்கதானே. அதனால அந்த வீட்டுக்கு நான் வரமாட்டன். நாளைக்குப் பேரப்புள்ள பிறந்தாலும் வரமாட்டன். நீங்கதான் புள்ளயத் தூக்கிக்கொண்டு வந்து காட்டணும். கோவிச்சுக்கொள்ளப்படாது."

நான் ஒரு கிழமையாகக் கேட்க அலைந்த ஓம் அதுதான். கையில் வந்துவிட்டது. அது கையில் வந்தபோது எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவவிடம் இருந்து ஒரு பிள்ளையைக் கடல் எடுத்தது. மற்றப் பிள்ளையை என் மாடி எடுக்கப்போகிறது. அவ கேட்டதெல்லாம் கோவிக்கக்கூடாது என்பதுதான்.

"அந்த வீட்ட நான் மகளுக்குக் குடுக்கல்ல" என்றேன். "வாவிப் பக்கம் ஒரு வளவு கிடக்கு. அங்க கட்டுறன்."

பின்னால் நின்ற என் மனுசி மூச்சு விட்டது கேட்டது. அந்த வளவைப் பற்றி அவவிடம்கூட நான் சொன்னதில்லை. சொல்ல முடியாது, ஏனென்றால் அப்படியொரு வளவு அப்போது என்னிடம் இல்லை.

ஊருக்கு வந்து தேடிப் பிடித்தேன். பெரிய றோட்டைத் தாண்டி வாவிப் பக்கம், ஒரு பழைய தென்னந்தோப்பின் மூலை. ஒரு தட்டு வீடு, ஒரு விறாந்தை. மாடி இல்லை. காட்டிப் பேச அதில் ஒன்றுமில்லை. கடற்கரை வீட்டில் நானும் மனுசியும் போய் இருந்தோம், இன்றும் அங்கேதான் இருக்கிறோம். ஊர் விடுமா? இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிவிட்டு மகளை ஏன் தோப்புக்குள் வைக்கிறாய் என்று சந்திக்குச் சந்தி கேட்டார்கள். உப்புக் காற்று கம்பியைத் தின்னுது, பிள்ளைகள் காலத்துக்கு அது நிற்காது என்று சொல்லத் தொடங்கினேன். என் கையால் ஊற்றிய கொங்கிரீட்டை என் வாயால் பழித்தேன். அதுகூட எனக்குச் சுகமாக இருந்தது. பயத்தில் ஓடினேன் என்று சொல்வதைவிடச் சுகம்.

புது வீட்டுக்குக் குடிபுகுந்த அன்று பால் பொங்கி முடிந்து, பந்தலுக்குள் சனம் இருந்தது. அதிபரும் மனைவியும் வந்திருந்தார்கள். அவ எல்லா அறைக்கும் போனா, பின் கதவைத் திறந்து வாவியைப் பார்த்தா, குசினியில் என் மகளோடு நின்று ஏதோ சொல்லிச் சிரித்தா. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, செங்கலடியிலிருந்து அழைப்புக்கு வந்திருந்த அந்தக் கடைக்காரர், சபைக்கு நடுவில் என்னைக் கேட்டார். அந்த ஓட்டத்தைப் பற்றி அவர் ஊரில் வாய் திறந்ததில்லை, தானும் ஓடியவர். ஆனால் கண்ணில் பகிடி இருந்தது.

"என்ன கொந்தராத்துக்காரர், கடல் தலைமுட்டித் திரும்பிற வீட்ட விட்டுப்போட்டு மகளுக்கு இஞ்ச கட்டிட்டீங்க?"

சனம் என் முகத்தைப் பார்த்தது. அவவும் குசினி வாசலில் வந்து நின்று பார்த்தா. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. எனக்குப் பயம் என்று இரண்டே சொல். நான் மீசையைத் தடவிக்கொண்டு, உப்புக் காற்று, கம்பி என்று தொடங்கினேன். பாதியில் சொல் நின்றுவிட்டது. அவ பார்க்கும்போது அதை முடிக்க முடியவில்லை. முடிக்காமல் விட்டால் சனத்துக்கு விளங்கிவிடும். கடைக்காரர் சிரிக்க ஆயத்தமானார்.

"ஓம்" என்றா அவ, வாசலில் நின்றபடி, எல்லாருக்கும் கேட்க. "உப்புக் காத்துக்குக் கம்பி நிக்காது. அண்ணன் தொழில் தெரிஞ்ச ஆள், யோசிச்சுத்தான் செய்திரிக்கார்."

சனம் அது சரிதான் என்று தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.